ரசீது இருக்கிறதா

சாட்ஸ்வொர்த் கிளை. திரும்பி வரும் பொருள்களின் மேசை.
வலப்பக்கம் கிழிந்த மாவுப் பைகள்.
இடப்பக்கம் தொலைக்காட்சிகள்,
பெட்டியின் வாய் பிரிந்து, தெர்மக்கோல் பல் உதிர்ந்து.

போகிறவர் வருகிறவர் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்:
உங்கள் கடைப் பேர் போட்ட இந்த நாலு கே டிவி,
வாங்கலாமா?

வாங்கலாம் என்று சொல்லத்தான் சம்பளம்.
ஐம்பது அங்குலம், ஆறாயிரம் ராண்டுக்கு ஒரு ராண்ட் குறைவு.
பேர் பெற்ற கம்பெனி இதே அளவுக்கு இரட்டிப்புக் கேட்கிறது.
உள்ளே இருக்கும் கண்ணாடி
இரண்டுக்கும் ஒரே தொழிற்சாலை என்பார் மேனேஜர்.
இருக்கலாம்.
நானும் என் அண்ணனும்கூட ஒரே வயிறுதான்.
அவன் டொரொண்டோவில் பல் டாக்டர்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.
இதில் கறுப்பு, கறுப்பாக இருக்காது.
இரவுக் காட்சியில் வரும் திருடன்
அரிசி கழுவிய தண்ணீருக்குள் நடந்து வருவான்.
குரல் பால்டின்னுக்குள் இருந்து கேட்கும்.
ரிமோட்டுக்கு மூன்றாம் மாதம் காது மந்தம்.
ஆனால் பகல் ஆட்டம் என்றால்
கிங்ஸ்மீட் புல் நல்ல பச்சை, பொய் சொல்லக்கூடாது.

போன சனிக்கிழமை பூபாலன் கோவெண்டர் வந்தார்.
நகராட்சித் தண்ணீர்ப் புகார் பிரிவில்
நாளுக்கு எட்டு மணி நேரம் போனில் திட்டு வாங்குகிறவர்.
பெட்டியை இறக்கினார். மூச்சு வாங்கினார்.
"இதில் கிளி இல்லை" என்றார்.

மற்றதெல்லாம் இங்கிலீஷ். கிளி மட்டும் தமிழ்.

கடையில் ஓடியதாம். சிவப்புக் கிளி.
இறகின் ஒவ்வொரு நரம்பும் எண்ணலாமாம்.
ஒருமுறை திரும்பி அவரைப் பார்த்ததாம்.
வீட்டில் போட்டால், செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம்
வேகவைத்த உருளைக்கிழங்கு.

வரிசையில் பின்னால் நின்றவள் சிரித்தாள்,
கையில் பாதி எரிந்த ஹேர் டிரையரோடு.

நான் விளக்கினேன்:
உங்கள் ஆன்டெனாவில் வருவது கொஞ்சம் புள்ளி.
திரைக்கோ எண்பது லட்சம் புள்ளி வேண்டும்.
மிச்சத்தை அது தானாக ஊகித்து நிரப்பிக்கொள்கிறது,
கல்யாண வீட்டில் பாதிக் கதை கேட்டவர்
மீதியைச் சொல்வதுபோல.
இன்டர்நெட்டில் அசல் நாலு கே கிடைக்கும்.
டேட்டா விலையைச் சொன்னேன்.
அவர் கூரையைப் பார்த்தார்.

படிவத்தில் குறைக்கு மூன்று கட்டம்:
உடைந்தது. இயங்கவில்லை. மனம் மாறியது.
கிளிக்குக் கட்டம் இல்லை.

"ராத்திரி வீட்டுக்கு வந்தால்
என்னைத் திட்டாத ஒன்றைப்
பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்று நினைத்தேன்"
என்றார், மேசையிடம்.

நான் எழுந்து போய்
காட்சிக்கு வைத்திருந்த டிவியின் முதுகில் கைவிட்டேன்.
விரல்நீளப் பென் டிரைவ்.
கிளி, பாதி வெட்டிய மாதுளை, ஏதோ ஊர்ப் பனிமலை,
மூன்று நிமிடம், திரும்பத் திரும்ப.
கடைத் திரை நீலமாகி
சிக்னல் இல்லை என்றது.

அவர் பெட்டியைத் திரும்பவும் பக்கியில் ஏற்றினார்.
குரல் மோசமான டிவிதான்.
கிளி பேசுவதில்லை, பரவாயில்லை.

அன்று இரவு ஏழிலிருந்து ஒன்பதரை வரை மின்வெட்டு.
ஏரியா முழுக்க எல்லா டிவியும்,
பன்னிரண்டாயிரத்தினதும் ஆறாயிரத்தினதும்,
அசல் கறுப்பு.

திங்கட்கிழமை மேனேஜர் கேட்டார், பென் டிரைவ் எங்கே.
காணாமல் போனவை நோட்டில் எழுதி
கையெழுத்துப் போட்டேன்.
இந்த மாதச் சம்பளத்தில் எண்பது ராண்ட் பிடிப்பு.

இப்போது யாராவது வாங்கலாமா என்றால்
எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்கிறேன்.
பாதிப்பேருக்குப் பதில் தெரிவதில்லை.
அட்டைப்பெட்டியை ஒரு வருஷம் எறியாதீர்கள் என்கிறேன்.
ரசீதையும்.